‘சரி’ என்று மட்டும் வந்த பதில்கள்

1

போன ஞாயிற்றுக்கிழமை மலர் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். மலர், என் அறையின் இன்னொரு கட்டிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். சிங்கப்பூருக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. அதற்குள் ஜூரோங்கில் வேலை பார்க்கும் ஒரு பையனைப் பிடித்துப்போய், வாரக் கடைசியில் சந்தித்துப் பேசுகிறாள். அன்று காலையில் அவனுக்கு நீளமாக ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள். தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதது, லீவு கிடைக்காதது, மனசு கேட்காதது எல்லாம் அதில் இருந்தது. பதிலாக வந்தது ‘ஓகே’.

“அக்கா, இதுக்கு நான் என்ன பதில் போட?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிக்காதீங்கக்கா. இந்த ஓகேல கோவம் இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க.”

போனை வாங்கி, டாக்டர் எக்ஸ்ரே பார்ப்பது போல வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கேலிக்காகச் செய்யவில்லை, பழைய பழக்கம். இரண்டு எழுத்துப் பதிலுக்குள் என்னென்ன ஒளிந்திருக்கும் என்று தேடுவதில் ஒரு வருஷத்தின் பெரும்பகுதியைச் செலவழித்தவள் நான். அவளிடம் கொஞ்சம்தான் சொன்னேன். முழுசாகச் சொல்வது நம் ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்காக. இப்போது அங்கேயும் பெண்பிள்ளைகள் கையில் போன் வந்துவிட்டது. அவர்களுக்கும் இந்த ‘ஓகே’க்கள் வந்துகொண்டிருக்கும்.

2

நான் தாயில்பட்டிக்காரி. அப்பாவும் அம்மாவும் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போய், அதை முடித்து, பாலிடெக்னிக் வரைக்கும் போனது நான்தான். இதை நான் அடிக்கடி சொல்வேன். சொல்லச் சலிக்காது. சிங்கப்பூரில் கணினிக்கான பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை கிடைத்து வந்தேன். உச்சி முதல் உள்ளங்கால் வரை வெள்ளை உடுப்பு போட்டு, கண் மட்டும் தெரிய நிற்கிற வேலை.

முதல் லீவுக்கு ஊருக்குப் போனபோது பெண் பார்க்க வந்தார்கள். பையன் பெயர் கதிரேசன். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தார். அவருடைய அப்பா விருதுநகரில் ஒரு வத்தல் மண்டியில் வேலை பார்ப்பவர். எங்கள் அப்பாவுக்கு ரொம்ப நாள் பழக்கம். கதிரேசன் காபியைக் குடித்தார், நான் கேட்டதற்குப் பதில் சொன்னார், பேண்ட் மடிப்பைச் சரிசெய்துகொண்டே இருந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவர்கள் போனபிறகு அப்பாவிடம் சொன்னேன். “உடனே சரின்னு சொல்ல முடியாதுப்பா. கொஞ்ச நாள் போன்ல பேசிப் பாத்துட்டுச் சொல்றேன்.”

அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, அடுப்படியிலிருந்து வெளியே வந்துவிட்டாள்.

“என்னது, பேசிப் பாக்கணுமா? பாட்டு வருதா படம் வருதான்னு போட்டுப் பாத்து வாங்க அவன் என்ன டிவிப் பெட்டியா?”

“டிவியையே பாத்துத்தான அத்தை வாங்குறோம்.”

“பாத்தியாடா தம்பி, பேச்ச? படிக்க வெச்ச பலன்.”

அப்பா, “தை வரைக்கும் பேசட்டும்க்கா. கட்டிக்கிட்டு வாழப்போறது அதுகதான” என்றார்.

எங்கள் தெருவில் அதற்கு முன்னால் எந்தப் பெண்ணுக்கும் அந்த அனுமதி கிடைத்ததில்லை. அதனால் விமானத்தில் ஏறும்போதே ஒரு முடிவு எனக்குள் உட்கார்ந்துவிட்டது. கேட்டு வாங்கிய உரிமை இது. பேசிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வந்து நின்றால், அத்தை சொன்னதுதான் சரி என்றாகிவிடும். என் தங்கை பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அவளை மேலே படிக்க வைக்கலாமா என்று பேச்சு வரும்போதெல்லாம் என்னைத்தான் உதாரணமாகக் காட்டுவார்கள், நல்லதுக்கும் கெட்டதுக்கும். ஆகவே தை மாதம் நான் ‘சம்மதம்’ என்று சொல்லியாக வேண்டும். கதிரேசனைப் பிடித்தாக வேண்டும்.

3

அப்போது போனில் தமிழ் எழுத்து கிடையாது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவோம். பகல் இடைவேளையில், லாக்கர் அறையில் நின்றுகொண்டே நான் தட்டுவேன்.

“இன்னைக்கு இங்க ஒரே மழை. ரயில்ல குடைய மறந்து வெச்சுட்டு இறங்கிட்டேன். அங்க மழை உண்டா?”

சாயங்காலம் பதில் வரும். “இல்லை.”

“எங்க சூப்பர்வைசர் சீனக்காரர். வேலை முடிஞ்சு கிளம்புறப்ப நம்ம வழக்கத்துல ‘போயிட்டு வாரேன்’னு இங்கிலீஷ்ல சொல்லிட்டேன். அவரு ‘எதுக்கு திரும்பி வர்ற, வீட்டுக்குப் போ’ங்கிறாரு. ஒரே சிரிப்பு.”

“ம்.”

“சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு.”

ஒரு நாள் தொழிற்சாலையில் என்னை ஓர் உற்பத்தி வரிசைக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். என்னைவிட மூத்த பெண்கள் என் கீழே. லாக்கர் அறைக்கு வந்ததும் முதலில் அவருக்குத்தான் அனுப்பினேன். அம்மாவுக்குக்கூடப் பிறகுதான் சொன்னேன். பதில் வந்தது: “சரி.”

அந்த ‘சரி’யை ரயிலில் நின்றுகொண்டு எத்தனை தடவை திறந்து பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. வாழ்த்தா? பொறாமையா? சம்பளம் கூடும் என்று கணக்குப் போட்டாரா? படித்தவளிடம் என்ன பேச என்று கூச்சமா?

விதவிதமாகப் பதில் போட்டுப் பார்த்தேன். நீளமாக எழுதினால் அவரும் நீட்டுவார் என்று நீட்டினேன். சுருக்கினால் உறைக்கும் என்று சுருக்கினேன். அவர் ‘ம்’ என்றால் நானும் ‘ம்’ என்றேன். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது, அவ்வளவுதான். சிரிக்கிற முகம் போட்டேன். சில நாள் ஒன்றுமே அனுப்பாமல் இருந்தேன். அவர் தவித்துக் கூப்பிடுவார் என்று கூடவே ஒரு கற்பனை. அந்த நாட்களில் என் போனுக்கு வந்தது போன் கம்பெனியின் விளம்பரம் மட்டும்தான். கடைசியில் நானே பொறுக்காமல் “நலமா?” என்றேன். “நலம்” என்றார்.

ஆனாலும் என்னிடம் அவருக்காக ஒரு மூட்டை சமாதானம் இருந்தது. வேறு ஊர்க்காரி என்றால் எப்போதோ சந்தேகப்பட்டிருப்பாள். பட்டாசுக் கம்பெனியைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும். போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. கேட்டிலேயே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மருந்து கலக்கிற அறைப் பக்கம் நிற்கிற போர்மேனுக்குக் கவனம் பிசகினால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம். சீசன் நெருங்கிவிட்டது. வடக்கே லோடு போகும். அதிகாரிகள் சோதனைக்கு வருவார்கள். வேலை முடிந்து கேட்டில் போனை வாங்கி, பஸ் வருவதற்குள் ஒரு விரலால் ‘சரி’ என்று தட்டுகிறவரிடம் வேறென்ன எதிர்பார்க்க? அவர் ஒரு சாக்கும் சொன்னதில்லை. எல்லாச் சாக்கையும் நானே தயாரித்து வைத்திருந்தேன்.

4

அப்போது நான் ஜரீனா அக்கா வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். அக்கா விருதுநகர்க்காரர். அவருடைய வீட்டுக்காரருக்கு, இங்கே நம் ஆட்களின் கடைகள் நிறைந்த தேக்காவில், ஒரு மளிகைக் கடையில் வேலை. விருதுநகர்ப் பையன் ஒருவரைப் பேசியிருக்கிறார்கள் என்பதற்குமேல் அக்காவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் போனைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு சாப்பிடுகிறவளைப் பார்த்தால் யாருக்கும் புரியும்.

“என்ன, நம்மூரு மாப்பிள்ள என்ன சொல்றாரு?”

“கம்பெனில சீசன்க்கா. போன கேட்லயே வாங்கி வெச்சுருவாங்க.”

“நீயுந்தான் போனப் பெட்டில போட்டுப் பூட்டிட்டு, விண்வெளிக்குப் போற மாதிரி உடுப்ப மாட்டிக்கிட்டு உள்ள போற. நீ எழுதல?”

எனக்குச் சுருக்கென்றது. “சில பேருக்கு எழுத வராதுக்கா. சுருக்கமாத்தான் பேசுவாங்க” என்றேன்.

அக்கா தன் போனை எடுத்து வீட்டுக்காரர் கடைசியாக அனுப்பியதைக் காட்டினார். “வெங்காயம்?” என்று இருந்தது. அக்காவின் பதில், “பாதி மூட்டை கெடக்கு. நீ வந்தா போதும்.” அதற்கு அவர், “மீன்?”

“இதவிடச் சுருக்கமா உலகத்துல எவனாவது எழுத முடியுமா? ஒரு நாளைக்கு இருவது வரும், ஒவ்வொண்ணும் ஒரு வார்த்த. ஆனா புள்ள, இந்த மனுசனுக்கு நான் என்ன செய்யுறேன், எனக்கு என்ன வேணும்னு தெரிஞ்சுக்கிறணும். உன் ஆளு எதையாச்சும் தெரிஞ்சுக்கிறணும்னு கேட்டிருக்காரா?”

“கேப்பாருக்கா, தீபாவளி முடியட்டும்” என்றேன். எழுந்து போய்க் கை கழுவினேன். கோபம் அக்கா மேல்தான் வந்தது.

யோசித்துப் பார்த்தால், சுருக்கமான பேச்சுக்கு இந்த ஊர் எனக்கு நல்ல பழக்கம் கொடுத்திருந்தது. இங்கே பாதி வாழ்க்கை, ‘முடியும், பரவாயில்லை’ என்று அர்த்தப்படும் ‘கேன்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லில் ஓடுகிறது. என் வேலை அனுமதியைப் புதுப்பிக்கப் போனபோது, பழைய முகவரி இருக்கிறதே, போட்டோவில் பொட்டு இருக்கிறதே, அப்பா பெயரை எந்தக் கட்டத்தில் எழுத என்று பயந்து பயந்து நான் கேட்ட எல்லாவற்றுக்கும் கவுன்டரில் இருந்த அம்மாள் நிமிராமலே ‘கேன்’, ‘கேன்’ என்றார். ஒரு சொல்தான். ஆனால் ஒவ்வொரு தடவையும் என் வேலை ஒரு படி நகர்ந்தது. கதிரேசனின் ‘சரி’யில் எதுவும் நகரவில்லை. பெரிய பூட்டுப் போட்ட கதவைத் தினமும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

5

தீபாவளி வந்தது, போனது. நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், தீபாவளி முடிந்ததும் கம்பெனிகளைப் பூட்டிவிடுவார்கள். பூஜை போட்டு மறுபடி திறக்கிற வரைக்கும் ஊரே படுத்துத் தூங்கும், கல்யாணம் காட்சிக்குப் போகும், டீக்கடையில் உட்காரும். கேட் கிடையாது, லோடு கிடையாது, சோதனை கிடையாது. போன் முழு நாளும் கையில்தான்.

நான் காத்திருந்தேன். என் மூட்டையில் இருந்த சமாதானங்கள் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அனுப்பினேன். “லீவுதானே? நாள் எப்படிப் போகுது?”

உடனே வந்தது பதில். அதுவரை அத்தனை சீக்கிரம் வந்ததே இல்லை.

“போகுது.”

துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்துக்கொண்டிருந்த சுடிதாரை அப்படியே வைத்துவிட்டு, கீழே கடையில் ஒரு போன் கார்டு வாங்கி, எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு அடியில் இருந்த கல் பெஞ்சில் உட்கார்ந்து கூப்பிட்டேன்.

“சொல்லுங்க. நல்லாருக்கீகளா?” பின்னால் டிவியில் கிரிக்கெட் ஓடியது.

“நல்லாருக்கேன். ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு என்னைக் கட்டிக்க இஷ்டமா?”

கிரிக்கெட் சத்தம் தேய்ந்தது. கதவு சாத்துகிற சத்தம். வெளியே வந்துவிட்டார் போல.

“ஏன் இப்பிடிக் கேக்கீக?”

“பதில் வரமாட்டேங்குதே, அதான்.”

“போட்டுக்கிட்டுத்தான இருக்கேன்.”

“போடுறீங்க. சரி, ம், ஆச்சு, போகுது. தந்திக்காரன்கூட இதவிட நாலு வார்த்தை சேத்து எழுதுவான்.”

சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“உள்ளதச் சொல்லவா? கோவிச்சுக்கக் கூடாது.”

“சொல்லுங்க.”

“உங்க மெசேஜ் வந்தா எனக்குப் பரீட்சைத் தாள் வந்த மாதிரி இருக்கும். நல்லா எழுதிட்டா, இவனுக்கு நம்ம மேல ஆசைன்னு நீங்க நம்பிருவீக. பொய்யில்லையா அது? எழுதாம விட்டா, உங்க வீட்டுக்குத் தெரிஞ்சு, எங்கப்பா காதுக்கு வந்துரும். ரெண்டுக்கும் நடுவுல எம்புட்டு எழுதலாம்னு யோசிச்சு யோசிச்சு, அந்த ‘சரி’ய போடுவேன். அது ஒண்ணுதான் ரெண்டு பக்கமும் சாயாம நின்னுச்சு.”

“அப்ப இஷ்டமில்ல.”

“உங்க மேல மரியாதை இருக்கு. நீங்க படிச்சது, தனியாப் போயி நிக்கிறது, எல்லாம் பெருமையாத்தான் இருக்கு. கட்டிக்கிறணும்னு தோணல. தோணும் தோணும்னு நானும் பாத்தேன். தோணல.”

அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பசித்தது. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இடுப்பிலிருந்து தண்ணீர்க் குடத்தை யாரோ இறக்கி வாங்கிக்கொண்டது போல இருந்தது. அவருக்கு என்னைப் பிடிக்கிறதா என்று மாதக்கணக்கில் தோண்டியதில், எனக்கு அவரைப் பிடிக்கிறதா என்று ஒரு நாளும் நான் பார்க்கவே இல்லை. அந்தக் கல் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. எனக்கும் தோணவில்லை.

“சரி” என்றேன்.

“பாத்தீகளா, இப்ப நீங்க போடுறீக!”

இரண்டு பேரும் சிரித்தோம். அதன்பிறகு அந்த மனுஷன் பேசினார் பாருங்கள்! லீவு விட்டதிலிருந்து எப்படித் தூங்குகிறார், எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையில் மருந்து வாசனை போகாதது, அவர் கம்பெனியில் ஒரு கணக்குப்பிள்ளை பட்டாசுச் சத்தத்துக்குப் பயந்து தீபாவளியன்று கொடைக்கானலுக்கு ஓடியது, எல்லாம் சொன்னார். வெள்ளை உடுப்புக்குள் வேர்த்தால் எப்படித் துடைப்பீர்கள் என்று கேட்டார். இத்தனை பேச்சும் இந்த ஆளுக்குள்தான் இருந்தது. மாப்பிள்ளை வேஷம்தான் அவர் வாயைக் கட்டியிருந்தது.

பிறகு குரல் இறங்கியது. “எங்கப்பா உங்கப்பாவுக்கு வாக்குக் குடுத்த மாதிரி இருக்காரு. நீங்களே வேணாம்னுட்டதா சொல்லிருங்களேன். என்னைய ஏச மாட்டாரு.”

“அது முடியாது” என்றேன். “சிங்கப்பூர் போனதும் தலை கனத்துப்போச்சுன்னு ஊரெல்லாம் பேசும். எனக்குப் பின்னால ஒரு தங்கச்சி இருக்கா. நீங்க உங்க வீட்ல உள்ளதச் சொல்லுங்க. நான் எங்க வீட்ல சொல்றேன். நாளைக்குக் காலைலயே.”

“நாளைக்கேவா?”

“நாளைக்கே.”

“சரி” என்றார். அந்த ஒரு ‘சரி’யை மட்டும் நான் துருவவில்லை.

6

மறுநாள் காலையில் அம்மாதான் போனை எடுத்தாள். நான் தயார்செய்து வைத்திருந்த பேச்சில் பாதிகூடச் சொல்லவில்லை.

“வேணாமா? சரி விடு” என்றாள். “அந்தப் பையன் காபி குடிக்கயிலயே பஸ்ஸுக்கு நேரமான மாதிரிதான் உக்காந்திருந்தான். நீதான் அவன் நல்லாப் பேசுறான், நல்லாப் பேசுறான்னு சொல்லிக்கிட்டே இருந்த.”

“அப்பாட்ட எப்பிடிம்மா சொல்ல?”

“நீயே சொல்லு. எனக்கு அந்த மனுசன் மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியாது.”

அப்பா வந்தார். ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

“ஏத்தா, அவன் வேணாங்கிறானா, நீ வேணாங்கிறியா?”

“ரெண்டு பேரும்ப்பா. பேசித்தான் முடிவு பண்ணோம்.”

“சண்டையில்லயே?”

“இல்லப்பா.”

“நான் போயி நேர்ல சொல்லிட்டு வாரேன். போன்ல சொல்லுறது மரியாதையில்ல.” வைத்துவிட்டார்.

அன்று பகல் முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்பா யாரிடமும் தலை குனிந்து நின்று நான் பார்த்ததில்லை. எனக்காக விருதுநகர் வரைக்கும் போய், பழகிய மனுஷன் முன்னால் நிற்கப்போகிறார். அவர்கள் வீட்டில் என்ன சொல்வார்களோ, வாசலிலேயே நிறுத்திப் பேசுவார்களோ என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். ஜரீனா அக்காவிடம் அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். “நான் அப்பவே சொன்னேன்ல” என்று ஒரு வார்த்தை அக்கா சொல்லவில்லை. கோழி வெட்டிக்கொண்டிருந்தவர், வெங்காயத்தை என் பக்கம் தள்ளி உரிக்கச் சொன்னார்.

சாயங்காலம் நானே கூப்பிட்டேன். அப்பா குரலில் சிரிப்பு இருந்தது. நம்ப முடியாமல் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“சாத்தூர் பஸ் ஸ்டாண்டுல எறங்கி, விருதுநகர் வண்டிக்கு நிக்கேன். எதுத்தாப்புல வந்த வண்டில இருந்து அவரு எறங்குதாரு, கதிரேசன் அப்பா. என்னையப் பாத்ததும் மனுசன் திரும்பி வண்டிலயே ஏறப் பாத்தாரு. நானும் ஒரு தூணு மறைவுல ஒதுங்கத்தான் பாத்தேன். பெறகு ரெண்டு பேருக்கும் வழியில்ல. ‘எங்க இம்புட்டுத் தூரம்?’ங்கிறாரு. ‘ஒங்களப் பாக்கத்தான்’னேன். ‘நானும் ஒங்களப் பாக்கத்தான் வாரேன்’னாரு. டீக்கடைல உக்காந்தோம். ரெண்டு பேரும் டீயப் பாத்துக்கிட்டே இருக்கோம், ஒருத்தரும் வாயத் தொறக்கல.”

“பெறகு?”

“‘பிள்ளைக பேசிக்கிட்டாகளாம்’னாரு. ‘ஆமா, பேசிக்கிட்டாக’ன்னேன். அம்புட்டுதான். மனுசனுக்கு மூஞ்சியெல்லாம் தெளிஞ்சுபோச்சு. பெறகு வத்தல் வெலை, மழை தண்ணி எல்லாம் பேசிட்டு, இன்னொரு டீயும் குடிச்சுட்டு வந்தோம்.”

பின்னால் அத்தையின் குரல் கேட்டது. “என்னடா, போட்டுப் பாத்ததுல படம் தெரியலையாமா?” அப்பா போனைப் பொத்தாமலே, எனக்குக் கேட்கும்படியே சொன்னார். “கட்டிக் குடுத்த பெறகு தெரியாமப் போறதுக்கு, இப்பவே தெரியாமப் போனது நல்லதுதானக்கா. சின்னவளுக்கும் அப்பிடித்தான்.”

“அப்பா” என்றேன்.

“தை வரைக்கும்னு சொன்னேன்ல, அத விடு. மாசம் வருசமெல்லாம் ஒண்ணும் இல்ல. இனி நீ எவங்கூடயாச்சும் பேசிப் பாத்து, பேச்சு நல்லாருந்தா எங்கிட்டச் சொல்லு. அவங்க அப்பன்கூட டீ குடிக்க நான் பெறகு வாரேன்.”